பாய்லர் பிரஷர் தினமும் காலையில் பூஜ்யம், குளிக்கும்போது பாதியில் பச்சைத்தண்ணீர். புது பாய்லர்தான் வழியா?

ஹரோவாசி:

வணக்கம். ஹீட்டிங் வேலை தெரிந்தவர்கள் யாராவது பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

லண்டனில் ஹரோ பக்கம் 1930களில் கட்டிய செமி வீடு. மொத்தம் எட்டு ரேடியேட்டர். சமையலறை அலமாரிக்குள் 24 கிலோவாட் காம்பி பாய்லர் (ஹீட்டிங்கும் குழாய்ச் சுடுதண்ணீரும் ஒன்றிலேயே), ஸ்டிக்கரில் 2013 என்று போட்டிருக்கிறது, நாங்கள் வீடு வாங்கும்போதே இருந்தது. பரணில் தண்ணீர்த் தொட்டியோ சுடுதண்ணீர் சிலிண்டரோ கிடையாது.

நவம்பர் கடைசியில் ஆரம்பித்தது. காலையில் எழுந்து வந்தால் வீடு சில்லென்று இருக்கும், பாய்லரில் சிவப்பு விளக்கு, பிரஷர் முள் பூஜ்யத்தில். அடியில் இருக்கும் ஃபில்லிங் லூப்பை (தண்ணீர் ஏற்றும் குழாயை) திறந்து 1.5 பார் வரை தண்ணீர் ஏற்றி ரீசெட் செய்தால் ஓடுகிறது. ரேடியேட்டர் எல்லாம் சூடாகி அரை மணி நேரம் போனால் முள் கிட்டத்தட்ட 3க்குப் போய்விடுகிறது. ராத்திரி ஹீட்டிங் நின்று எல்லாம் ஆறினால் திரும்பக் காலையில் பூஜ்யம். ஆறு வாரமாகத் தினமும் காலையில் என் முதல் வேலை அந்த லூப்பைத் திறப்பதுதான்.

இரண்டாவது பிரச்சினை சுடுதண்ணீர். ஷவரில் இரண்டு நிமிடம் நன்றாக வரும், அப்புறம் பச்சைத்தண்ணீர், அப்புறம் கொதிக்கக் கொதிக்க, மறுபடி பச்சை. வீட்டில் நான்கு மாதக் குழந்தை. அம்மா பிள்ளையைப் பார்க்க மதுரையில் இருந்து வந்திருக்கிறார், குழாயை நம்பாமல் அடுப்பில் அண்டாவில் தண்ணீர் காய்ச்சித்தான் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். இந்த நாட்டு ஜனவரிக் குளிரில் அவரை இப்படிக் கஷ்டப்படுத்துகிறோமே என்று எனக்கு மனசே சரியில்லை.

ஒருவரை வரவழைத்தோம். பத்து நிமிடம் பார்த்தார், மூடியைக்கூடக் கழற்றவில்லை. பாய்லர் பழசு, மாற்றிவிடுங்கள், 2,900 பவுண்டு என்றார். இன்னொருவர் ஃபோனிலேயே பவர்ஃப்ளஷ், அதாவது குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றையும் உள்ளே வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது, செய்தால் சரியாகும், 600 பவுண்டு என்றார். தரையிலோ கார்பெட்டிலோ ஈரம் எங்கும் இல்லை. சின்ன படுக்கையறை ரேடியேட்டர் மட்டும் மேலே சூடு, அடியில் ஜில்லென்று இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. பாய்லர் மாற்றுவது தவிர வேறு வழி இருக்கிறதா? நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?


ஈஸ்ட்ஹாம் பிளம்பர்:

தம்பி, நீங்கள் எழுதினதிலேயே பாதி விடை இருக்கிறது. சூடானால் 3, ஆறினால் பூஜ்யம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது எக்ஸ்பான்ஷன் வெசலைத்தான். முழு பொயிலரை இல்லை.

விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். தண்ணீர் சூடானால் விரியும். 10 டிகிரியில் இருக்கிற 100 லீற்றர் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 3 லீற்றர் கூடும். உங்கள் குழாய்களும் றேடியேற்றர்களும் மூடின சுற்று, அந்த 3 லீற்றர் போக இடம் வேண்டும். அதற்காகத்தான் பொயிலருக்குள்ளே ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் காற்று. தண்ணீர் விரிந்தால் சவ்வு காற்றுப் பக்கம் அமுங்கி இடம் விடும், ஆறினால் காற்று திரும்பத் தண்ணீரைத் தள்ளும். சைக்கிள் ரியூப் போலக் காலப்போக்கில் காற்று இறங்கிவிடும், அல்லது சவ்வு கிழிந்துவிடும். அப்படியானால் விரிகிற தண்ணீருக்கு இடமே இல்லை, பிறஷர் விறுவிறுவென்று 3க்கு ஏறும். 3 பாரில் சேஃப்ரி வால்வு திறந்து மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். வெளியே போன தண்ணீர் போனதுதானே, ஆறினதும் சுற்றில் தண்ணீர் காணாது, முள் பூஜ்யம். காலையில் நீங்கள் நிரப்புகிறீர்கள், திரும்ப அதே கதை.

இப்போது நீங்கள் செய்யக்கூடிய சோதனை. பொயிலர் இருக்கிற சுவருக்கு வெளியே போய்ப் பாருங்கள். 15 மில்லிமீற்றர் செப்புக்குழாய் ஒன்று சுவரில் இருந்து வந்து வளைந்து திரும்பச் சுவரைப் பார்த்தபடி நிற்கும். பிளாஸ்ரிக் குழாயைச் சொல்லவில்லை, அது புகை குளிர்ந்து வடிகிற தண்ணீர் போகிற கொன்டென்சேற் குழாய், அது வேறு. அந்தச் செப்புக்குழாயின் வாயில் ஒரு பொலித்தீன் பையைத் தொய்வாக ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். ஹீட்டிங் ஆறி இருக்கிற நேரம் கட்டுங்கள், அதில் வருகிற தண்ணீர் கொதிநீர், கையைச் சுட்டுவிடும். அடுத்த நாள் பையில் தண்ணீர் இருந்தால் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி முடிந்தது. தரை காய்ந்து இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

சுடுதண்ணீர் விஷயம். முதலில் ஷவரில் மட்டுமா, குசினிக் குழாயிலும் அப்படியா என்று பாருங்கள். ஷவரில் மட்டும் என்றால் ஷவர் மிக்ஸருக்குள் சூடும் பச்சையும் கலக்கிற காட்றிட்ஜ் பழுது, பொயிலரில் பிழை இல்லை. எல்லாக் குழாயிலும் என்றால் குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திறந்து பாருங்கள். 24 கிலோவாற் பொயிலர் நிமிடத்துக்குச் சுமார் 10 லீற்றரை 35 டிகிரி கூட்டும், அவ்வளவுதான் அதன் பலம். கோடையில் தெருக்குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வந்தால் 50 கிடைக்கும், ஜனவரியில் 5 டிகிரியில் வந்தால் 40தான். குறைத்துத் திறந்தால் சீராக வருகிறது என்றால் பொயிலரில் பழுது இல்லை. குறைத்தும் சூடும் பச்சையுமாக மாறி மாறி வந்தால் உள்ளே பிளேற் ஹீற் எக்ஸ்சேஞ்சரில், அதாவது பொயிலரின் சூட்டைக் குழாய்த் தண்ணீருக்குக் கொடுக்கிற தகட்டு அடுக்கில், சுண்ணாம்பு பிடித்திருக்கும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்பதை உங்கள் கெற்றிலைத் திறந்து பார்த்தாலே தெரியும். தகடுகளில் சுண்ணாம்பு படிந்தால் சூடு உங்கள் தண்ணீருக்குப் போகாது, பொயிலர் தன் தண்ணீரையே கொதிக்க வைத்துப் பயந்து நெருப்பை நிறுத்தும், ஆறினதும் திரும்பப் பற்றும். நீங்கள் ஷவரில் அனுபவிப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொயிலரின் முன்மூடியை நீங்கள் கழற்றக்கூடாது. கனக்கப் பொயிலர்களில் அந்த மூடிதான் புகையையும் காற்றையும் அடைத்து வைத்திருக்கிற சீல். திரும்பச் சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மொனொக்சைட் என்ற விஷவாயு வீட்டுக்குள் வரலாம். கைக்குழந்தை இருக்கிற வீடு. அலார்ம் இல்லாவிட்டால் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.


பனிமலர்:

பிளம்பர் அண்ணா சொன்னது சரி, ஆனால் பையில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. நாங்கள் கிளாஸ்கோவில் இருக்கிறோம். இதே மாதிரி பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது, எல்லோரும் வெசல் வெசல் என்றார்கள், வெசலை மாற்றியும் ஆனது, இறங்குவது நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் கீழ்த்தளத்தில் கான்கிரீட் தரைக்குள் போகும் செப்புக்குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியதால் மேலே ஈரமே தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் செய்தது ரொம்ப எளிமையான சோதனை. பாய்லருக்கு அடியில் ஹீட்டிங் போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் ஒவ்வொரு வால்வு இருக்கும். ராத்திரி பாய்லரை அணைத்து, எல்லாம் ஆறியதும் முள்ளை 1.5ல் வைத்து, அந்த இரண்டையும் மூடிவிட்டார். காலையில் முள் அப்படியே இருந்தது. அப்படியென்றால் பாய்லருக்குள் கசிவு இல்லை, வீட்டுக் குழாயில்தான். மூடியும் முள் இறங்கியிருந்தால் பாய்லருக்குள்ளேயே எங்கோ போகிறது என்று அர்த்தம். இதைச் செய்யாமல் எந்தப் பொருளையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள், நாங்கள் வெசலுக்குக் கொடுத்த பணம் வீணாகத்தான் போனது. காலையில் வால்வுகளைத் திறந்துவிட்டு அப்புறம் பாய்லரைப் போடுங்கள், அதை மறக்க வேண்டாம்.


டோர்ட்மண்ட்வாசி:

நான் ஜெர்மனியில் இருந்து எழுதுகிறேன், இங்கே பெரும்பாலும் வேறு மாதிரி அமைப்பு, ஆனாலும் ஒரு விஷயம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். தினமும் புதுத் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்த வழி பாருங்கள். குழாய்த் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இருக்கிறது. மூடிய சுற்றில் ஒரே தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும், அதற்குமேல் துரு வளராது. ஆறு வாரம் தினமும் ஒன்றிரண்டு லிட்டர் புதிதாக விட்டால் தினமும் ரேடியேட்டர் இரும்புக்குத் தீனி போடுகிற மாதிரி. அந்தத் துருதான் கறுப்புச் சேறாக அடியில் படிகிறது. கூடவே சுண்ணாம்பும் உள்ளே போகிறது. இங்கே ஹீட்டிங்கில் எந்த மாதிரித் தண்ணீர் விட வேண்டும் என்பதற்கே விடிஐ 2035 என்று தனி வழிகாட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் சின்ன அறை ரேடியேட்டர் மேலே சூடு, அடியில் குளிர் என்றால் அது சேறுதான். தலைகீழாக மேலே குளிர், அடியில் சூடு என்றால் காற்று, சாவி போட்டுக் காற்றை விட்டால் போதும். அதனால் பவர்ஃப்ளஷ் சொன்னவர் முழுக்கத் தவறில்லை, ஆனால் பிரஷர் பிரச்சினையை அது தீர்க்காது. முதலில் கசிவை நிறுத்தாமல் கழுவினால் திரும்பவும் சேறு சேரும்.


ஹரோவாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்றுச் சாயங்காலமே பை கட்டினேன். இன்று காலையில் பையில் ஒரு டம்ளருக்கு மேலேயே தண்ணீர்! ஆறு வாரமாக இது வெளியே சுவரோரம் கொட்டியிருக்கிறது, கீழே சரளைக்கல் போட்டிருப்பதால் கண்ணில் படவே இல்லை. பனிமலர் சொன்ன வால்வுச் சோதனையை இன்று ராத்திரி செய்கிறேன். சமையலறைக் குழாயிலும் சூடும் பச்சையுமாகத்தான் வருகிறது, குறைத்துத் திறந்தும் அப்படியே.

அண்ணா, காற்று இறங்கியிருந்தால் நானே சைக்கிள் பம்ப் வைத்து அடிக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?


ஈஸ்ட்ஹாம் பிளம்பர்:

வேண்டாம் தம்பி. பம்ப் அடிப்பது பெரிய வித்தை இல்லை, அந்த வால்வு கார் ரயர் வால்வு மாதிரியேதான். ஆனால் உங்கள் பொயிலரில் அது மூடிக்குப் பின்னால் இருக்கும், அதற்கு மூடியைக் கழற்ற வேண்டும். இன்னொன்று, தண்ணீர்ப் பக்கத்தின் பிறஷரை முழுக்க இறக்காமல் அடித்தால் அளவு பிழையாகக் காட்டும். பொயிலரை ஆறவிட்டு, அடி வால்வுகளை மூடி, தண்ணீரை வடித்துப் பூஜ்யமாக்கி, அந்தப் பொயிலரின் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு, பெரும்பாலும் 0.75இல் இருந்து 1 பார், காற்று அடிக்க வேண்டும். அடிக்க முன்னம் வால்வு ஊசியை அமத்திப் பார்ப்போம். காற்று வந்தால் நல்லது. தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, காற்று அடித்துப் பிரயோசனம் இல்லை, வெசலை மாற்ற வேண்டும்.

ஆள் கூப்பிடும்போது பொயிலர் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: ஆறின நேரம் பூஜ்யம், சூட்டில் 3, வெளிக்குழாயில் தண்ணீர் வருகிறது, வெசலைச் சோதித்துத் தாருங்கள், சேஃப்ரி வால்வையும் பிளேற் ஹீற் எக்ஸ்சேஞ்சரையும் பாருங்கள். இப்படி வடிவாகச் சொன்னால் வருகிறவர் தேவையான சாமானோடு வருவார், உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதும் அவருக்கு விளங்கும். சேஃப்ரி வால்வு பலமுறை திறந்து மூடினால் அதன் இருக்கையில் தூசி சிக்கி, பிறகு 1 பாரிலேயே சொட்டத் தொடங்கும், அதனால் நான் வெசல் வேலை செய்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுவேன்.

கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர்களிடம் இருக்கிற கேஸ் சேஃப் கார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2009 ஏப்ரலில் இருந்து பழைய கோர்கி பதிவுக்குப் பதிலாக கேஸ் சேஃப் பதிவுதான். கார்ட்டின் பின்பக்கத்தில் அவர் எந்த எந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும், முன்பக்கப் படத்தோடு நிறுத்தாதீர்கள். கேட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், நானே வீடுகளில் கேட்காமலே நீட்டுகிறேன்.


வாடகைவீடு:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இதே மாதிரி இறங்குகிறது. நாங்கள் லூட்டனில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலைதான் என்கிறார். மூன்று மாதமாகிறது.


பனிமலர்:

எப்போதாவது ஒரு தடவை ஏற்றுவதற்கு அவர் உங்களைக் கேட்கலாம். தினமும் ஏற்ற வேண்டியிருந்தால் அது பழுது. இங்கிலாந்தில் 1985ஆம் வருட வீட்டுக்காரர், வாடகைக்காரர் சட்டத்தில் 11ஆம் பிரிவு, அறையைச் சூடாக்கும் அமைப்பையும் சுடுதண்ணீர் அமைப்பையும் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனை செய்து அந்தச் சான்றிதழை உங்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். வாயால் சொல்வதை விட்டுவிட்டு மின்னஞ்சலில் எழுதுங்கள், தினமும் காலையில் முள்ளைப் படம் எடுத்துத் தேதியோடு சேர்த்து அனுப்புங்கள். அப்படியும் அசையாவிட்டால் கவுன்சிலில் வீட்டுவசதிப் பிரிவுக்கு எழுதலாம். பயப்படாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது.


ஹரோவாசி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், என்ன ஆனது என்று சொல்லாமல் போவது முறையில்லை.

வால்வுகளை மூடி வைத்த அன்று ராத்திரி முள் 1.5ல் இருந்து 1.4க்கு மேல் இறங்கவில்லை, திறந்து வைத்து ஹீட்டிங் போடாத இன்னொரு ராத்திரியும் அப்படியே நின்றது. ஆக வீட்டுக் குழாயில் ஓட்டை இல்லை, சூடாகும்போது மட்டும்தான் தண்ணீர் வெளியே போகிறது. அண்ணா எழுதிக் கொடுத்த மாதிரியே ஃபோனில் சொன்னேன். மூன்றாவதாகப் பேசியவர் உடனே, அப்படியென்றால் வெசல்தான், கையோடு ஒன்று எடுத்து வருகிறேன் என்றார். வந்தவர் மூடியைக் கழற்றி வால்வு ஊசியை அழுத்தினார், கறுப்புத் தண்ணீர் பீச்சி அடித்தது. சவ்வு கிழிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் வெசலை எடுக்க வேண்டுமென்றால் பாய்லரையே சுவரில் இருந்து இறக்க வேண்டும், அதற்கு நேரமும் கூலியும் அதிகம் என்பதால், திரும்பி வரும் குழாயில் ஓர் இணைப்புப் போட்டு, பக்கத்து அலமாரியில் தனியாக ஒரு சிவப்பு வெசல் மாட்டினார். சேஃப்டி வால்வும் புதிது. பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிக் காட்டினார், உலுக்கினால் உள்ளே கல் உருளுகிற சத்தம் கேட்டது. அதையும் மாற்றினார். எல்லாம் சேர்த்து 470 பவுண்டு, ஐந்து மணி நேரம் பொறுமையாகச் செய்தார்.

இப்போது ஆறிய நேரம் 1.3, முழுச் சூட்டில் 1.7. மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட லூப்பைத் தொடவில்லை. சுடுதண்ணீர் 62ல் வைத்திருந்தோம், அவர் 48க்கு இறக்கி வைத்தார், சூடு அதிகமானால் சுண்ணாம்பும் அதிகமாகப் படியுமாம். ஷவர் சீராக வருகிறது. அம்மா முதல் நான்கு நாள் அண்டாவைத்தான் வைத்தார், ஐந்தாம் நாள் தானாகவே குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே வருகிறது என்று பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு அதுவே போதும். உங்கள் எல்லோருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சின்ன அறை ரேடியேட்டர் மட்டும் இன்னும் அடியில் குளிர்தான். அந்த ஒன்றுக்காகப் பவர்ஃப்ளஷ் செய்ய வேண்டுமா?


ஈஸ்ட்ஹாம் பிளம்பர்:

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது தம்பி. 62 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் சுண்ணாம்புதான் என்று அப்போதே அடித்துச் சொல்லியிருப்பேன். ஆனால் சுடுதண்ணீர் சிலிண்டர் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு 48க்கு இறக்கிவிட வேண்டாம். சேமித்து வைக்கிற தண்ணீரை 60இல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளரும். கொம்பியில் தண்ணீர் சேமிப்பது இல்லை, அதனால்தான் உங்களுக்குக் குறைக்கலாம்.

ஒரு றேடியேற்றருக்காக 600 பவுண்ஸ் கொடுக்காதீர்கள். ஹீட்டிங் தேவைப்படாத காலம் வரட்டும். இரண்டு பக்க வால்வையும் மூடி, ஓட்டத்தின் அளவை வைக்கிற லொக்‌ஷீல்ட் பக்கம் எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதி வைத்து, தண்ணீரை ஒரு தட்டில் வடித்து, கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஹோஸ் பிடித்துக் கழுவுங்கள். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டத் தட்டக் கறுப்பாக வரும், தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். கழற்றினதும் இரண்டு முனையிலும் துணி அடையுங்கள், அந்தக் கறுப்பு கார்பெட்டில் பட்டால் போகவே போகாது. ஒருவர் தனியாகத் தூக்கவும் வேண்டாம். திரும்ப மாட்டும்போது லொக்‌ஷீல்டை அதே எண்ணிக்கைக்குத் திறங்கள்.

அதைவிட அவசரமானது இன்ஹிபிற்றர், சுற்றுத் தண்ணீரில் ஊற்றுகிற துருத் தடுப்பு மருந்து. ஆறு வாரம் புதுத் தண்ணீர் போய்ப் பழைய மருந்து எல்லாம் வெளியே போயிருக்கும். வந்தவர் ஊற்றினாரா என்று கேளுங்கள். ஊற்றவில்லை என்றால் ஒரு லீற்றர் போத்தல் உங்கள் எட்டு றேடியேற்றருக்குக் காணும். அடுத்த சேர்விஸில் திரும்பி வருகிற குழாயில் ஒரு காந்த ஃபில்ரரும் போடச் சொல்லுங்கள்.


ஹரோவாசி:

கேட்டேன் அண்ணா, இன்ஹிபிட்டர் ஊற்றவில்லையாம், சனிக்கிழமை வந்து ஊற்றித் தருகிறேன் என்றார். ரேடியேட்டரை மே மாதம் கழற்றுகிறேன், என் தம்பி அப்போது லீட்ஸில் இருந்து வருகிறான், இரண்டு பேராகத் தூக்கிவிடுவோம்.